கிறின்சிங்: நகரம் விழுங்காத திராட்சைக் கிராமம்

கொழும்பில் கறுவாத்தோட்டம் என்றொரு பகுதி இருக்கிறது. அஞ்சல் முகவரியில் கொழும்பு 7. தூதரகங்களும், பல்கலைக்கழகமும், நூதனசாலையும், செல்வந்தர்களின் மாளிகைகளும் அங்கே இருக்கின்றன. கறுவா மாத்திரம் இல்லை. ஒல்லாந்தர் காலத்தில் அங்கு செழித்திருந்த கறுவாச் செடிகளைப் பெயர்த்தெறிந்துவிட்டு, அவற்றின் பெயரை மட்டும் நகரம் தனக்கென எடுத்துக்கொண்டது.

உலகின் பெரிய நகரங்கள் எல்லாமே இப்படித்தான் வளர்ந்திருக்கின்றன. அயலில் இருந்த கிராமத்தை விழுங்குவதும், விழுங்கிய கிராமத்தின் பெயரை ஒரு வீதிக்கோ பஸ் தரிப்பிடத்துக்கோ சூட்டிவிடுவதும் நகரங்களின் இயல்பு. இந்த இயல்புக்கு முழுமையாக உட்படாமல் தப்பிய கிராமம் ஒன்றைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன். ஆஸ்திரியத் தலைநகர் வியன்னாவின் வடமேற்கு விளிம்பில் உள்ள கிறின்சிங் அது. வியன்னாவுடன் அது இணைக்கப்பட்டு 130 வருடங்களுக்கு மேலாகின்றன. ஆனால், இன்றும் அங்கே திராட்சை விளைகிறது. விளைந்த திராட்சை அங்கேயே பிழியப்படுகிறது. பிழிந்தவரே தமது வீட்டு முற்றத்தில் வைத்து அதனை விற்கிறார்.

வியன்னாவின் மத்தியில் ஷொட்டென்டோர் என்ற இடத்தில் 38ஆம் இலக்க ட்ராம் வண்டியில் ஏறினால் கடைசித் தரிப்பிடம் கிறின்சிங். பயணம் அரை மணித்தியாலம்கூட இல்லை. அடுக்குமாடிகள் குறைந்து, வீடுகள் தாழ்ந்து, தெரு ஒடுங்கி, திடீரென்று மஞ்சள் பூச்சுப் பூசிய பழைய பண்ணை வீடுகளின் வரிசை தென்படும். அதற்குப் பின்னால் மலைச்சரிவு. சரிவெங்கும் திராட்சைக் கொடிகள். அதற்கும் மேலே வியன்னாக் காடு. ஏறக்குறைய 20 இலட்சம் மக்கள் வாழும் ஒரு தலைநகரத்தின் எல்லைக்குள் சுமார் 600 ஹெக்டேயர் நிலத்தில் இன்றும் திராட்சை பயிராகிறது என்பதைக் கேள்விப்படுபவர்கள் முதலில் நம்பமாட்டார்கள். கிறின்சிங், நுஸ்டோர்ஃப், சீவெரிங், ஹைலிகென்ஸ்டாட் என்று அடுத்தடுத்து அமைந்த பழைய கிராமங்களின் சரிவுகளும், டான்யூப் நதிக்கு அப்பாலுள்ள ஸ்டாமர்ஸ்டோர்ஃப் போன்ற கிராமங்களின் நிலங்களும் சேர்ந்ததே இந்தப் பரப்பு.

கிறின்சிங்கின் பெயர் முதன்முதலாக 1114ஆம் ஆண்டின் ஆவணமொன்றில் காணப்படுகிறது. கிறின்ஸோ என்பவனைச் சேர்ந்தவர்களின் இடம் என்பது பெயரின் பொருள். யார் அந்தக் கிறின்ஸோ என்பது எவருக்கும் தெரியாது. ஆனால், திராட்சையின் கதை அதற்கும் பல நூற்றாண்டுகள் முந்தியது. உரோமர்கள் வின்டொபோனா என்ற பெயரில் இங்கு இராணுவ முகாம் அமைத்திருந்தார்கள். அல்ப்ஸ் மலைக்கு வடக்கே திராட்சை பயிரிட அனுமதித்தவர் மூன்றாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆண்ட புரோபஸ் சக்கரவர்த்தி என்பது மரபு. அயற்கிராமமான ஹைலிகென்ஸ்டாட்டில் அவர் பெயரில் ஒரு தெருவே இருக்கிறது.

மத்திய காலத்தில் வியன்னா வைனால் வாழ்ந்த நகரம். மடாலயங்களுக்கும் நகரத்து வணிகர்களுக்கும் இந்தச் சரிவுகளில் காணிகள் இருந்தன. விளைச்சல் எப்போதும் நல்லதாக இருந்ததென்று கருதிவிடக் கூடாது. 1450ஆம் ஆண்டின் வைன் வாயில் வைக்க முடியாத அளவுக்குப் புளித்திருந்ததாம். மக்கள் அதைத் தெருவில் ஊற்றத் தொடங்கியபோது, அரசர் மூன்றாம் பிரெட்ரிக் அதனை வீணாக்க வேண்டாம், புனித ஸ்டீபன் தேவாலயக் கட்டுமானத்துக்குச் சுண்ணாம்பு குழைக்கக் கொண்டுவாருங்கள் என்று கட்டளையிட்டதாக ஒரு கதை வழங்குகிறது. கதை எவ்வளவு தூரம் உண்மையோ, வியன்னாவாசிகள் அதை மிகுந்த பெருமையுடன் சொல்லுகிறார்கள்.

நகரத்தின் வாசலில் இருப்பதன் விலையை இந்தக் கிராமம் திரும்பத் திரும்பச் செலுத்தியிருக்கிறது. வியன்னாவை முற்றுகையிட வந்த எந்தப் படையும் முதலில் வந்து தங்குவதும், சூறையாடுவதும், எரிப்பதும் மதிலுக்கு வெளியேயிருந்த கிராமங்களைத்தான். 1484இல் ஹங்கேரிய மன்னர் மத்தியாஸ் கொர்வினஸின் படைகள் வந்தன. 1529இல் துருக்கியப் படைகள் வந்தன. 1604இல் பெருந்தீ. 1683இல் மீண்டும் துருக்கியர். அந்த வருடம் செப்டெம்பர் 12ஆம் திகதி போலந்து மன்னர் ஜான் சோபியெஸ்கி தலைமையிலான படைகள் காலென்பேர்க் மலையிலிருந்து இறங்கி வந்து முற்றுகையை முறியடித்தன. ஐரோப்பிய வரலாற்றின் திருப்புமுனை என்று பாடநூல்கள் வர்ணிக்கும் அந்தச் சமரில் படைகள் இறங்கி வந்த பாதை இந்தத் திராட்சைத் தோட்டங்களினூடாகவே அமைந்தது. 1809இல் நெப்போலியனின் படைகள் வந்தன. போருக்குள் வாழ்ந்தவர்களுக்கு இந்தப் பட்டியலை விளக்க வேண்டியதில்லை. வென்றவர் யார், தோற்றவர் யார் என்பது நகரத்தின் வரலாறு. வேலி பிய்ந்து, கொடி வெட்டுண்டு, கிணறு தூர்ந்து கிடப்பது கிராமத்தின் வரலாறு. புதிதாக நட்ட திராட்சைக் கொடி ஒழுங்காகக் காய்க்க மூன்று நான்கு வருடங்கள் எடுக்கும். ஒவ்வொரு படையெடுப்புக்குப் பின்னரும் அந்தக் காத்திருப்பு இருந்திருக்கிறது.

அப்படியானால் கிறின்சிங் எவ்வாறு தப்பியது? அழகினால் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்லும். அழகான கிராமங்கள் எத்தனையோ அழிந்திருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை, காரணம் சட்டத்திலும் வரியிலும் இருக்கிறது.

1704ஆம் ஆண்டில் வியன்னாவின் புறநகர்களைச் சுற்றி ஒரு வெளி அரண் எழுப்பப்பட்டது. ஹங்கேரியக் கிளர்ச்சியாளர்களைத் தடுப்பதற்காகக் கட்டப்பட்ட அது காலப்போக்கில் வரி வசூலிக்கும் எல்லையாக மாறியது. உள்ளே வரும் உணவுப் பொருளுக்கும் பானத்துக்கும் வாயிலில் வரி. 1829இல் நுகர்வு வரி முறைப்படுத்தப்பட்டபோது சுமை மேலும் கூடியது. அரணுக்கு வெளியே இருந்த கிறின்சிங்கில் வைன் மலிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துத் தொழிலாளியும் குமாஸ்தாவும் குடும்பத்தோடு நடந்துவந்து மர நிழலில் அமர்ந்து குடித்துவிட்டுப் போவதற்கு மலைக்காற்று ஒரு காரணம் என்றால், வரி மற்றைய காரணம். ஒரு திராட்சைக் கிராமம் நகரத்துக்கு மிக அருகில் இருந்தும் நகரத்துக்கு வெளியே இருந்ததால் செழித்தது.

இதைவிட முக்கியமானது 1784 ஓகஸ்ட் 17ஆம் திகதி சக்கரவர்த்தி இரண்டாம் ஜோசப் பிறப்பித்த ஆணை. சக்கரவர்த்தியின் ஆட்சிக்குட்பட்டிருந்த கோரிசியாப் பகுதி விவசாயிகள், பிரபுவின் வைனையே வாங்கி விற்கும்படி தாங்கள் கட்டாயப்படுத்தப்படுவதாக முறையிட்டிருந்தார்கள். அதற்குப் பதிலாக வந்த ஆணையின் சாரம் மிக எளிமையானது: எவரும் தாம் விளைவித்த உணவுப் பொருளையும் வைனையும் திராட்சைச் சாற்றையும் வருடத்தின் எந்தக் காலத்திலும், தாம் விரும்பியவாறு, தாம் விரும்பும் விலைக்கு விற்கலாம். இடைத்தரகரும் வேண்டாம், பிரபுவின் அனுமதியும் வேண்டாம். இத்தாலிய-ஸ்லோவேனிய எல்லைப் பிரதேசங்களில் இந்த ஆணையின் பிள்ளைகள் இன்னமும் வாழ்கின்றன. திரியெஸ்தே நகரத்தின் பின்புற மேட்டு நிலத்தில் விவசாயிகள் வீட்டில் வைத்து வைன் விற்கும் வழக்கத்துக்கு ஒஸ்மிஸா என்று பெயர். ஸ்லோவேனிய மொழியில் எட்டு என்ற எண்ணிலிருந்து வந்த சொல் அது.

இதே 1784ஆம் ஆண்டில்தான் பாரிஸைச் சுற்றி ஒரு புதிய வரி மதில் எழுப்பும் வேலை ஆரம்பமானது. அப்போது பிரெஞ்சு அரசியாக இருந்த மரி அந்துவனெத், இரண்டாம் ஜோசப்பின் தங்கை. தமையனின் நாட்டில் விவசாயிக்கு விற்கும் உரிமை கிடைத்த வருடத்தில், தங்கை அரசியாக வீற்றிருந்த நகரத்தில் குடிக்கும் வைனுக்கு வரி வசூலிக்க மதில் எழுந்தது. 1789 ஜூலையில் பஸ்தில் சிறை உடைக்கப்படுவதற்கு முந்திய நாட்களில் பாரிஸ் மக்கள் முதலில் தாக்கிக் கொளுத்தியது அந்த மதிலின் வரிச்சாவடிகளைத்தான். பாரிஸின் விளிம்பிலிருந்த திராட்சைத் தோட்டங்கள் அடுத்த நூற்றாண்டில் வீடுகளாகிவிட்டன. மொன்மார்த்ர் குன்றில் இன்று காணப்படும் சிறு தோட்டம் 1930களில் நினைவுக்காக மீண்டும் நடப்பட்டது.

ஜோசப்பின் ஆணையிலிருந்து பிறந்ததே ஹொய்ரிகர் என்ற நிறுவனம். ஹொயர் என்றால் ஆஸ்திரிய ஜெர்மன் பேச்சில் 'இந்த வருடம்'. இந்த வருடத்து வைனுக்கும், அதனை விற்கும் வீட்டுக்கும் ஒரே பெயர். புதிய வைன் நவம்பர் 11ஆம் திகதி, புனித மார்ட்டின் நாளிலிருந்து இந்தப் பெயரைப் பெறுகிறது. அடுத்த வருடத்து அதே நாளில் அது 'பழையது' ஆகிவிடுகிறது. வீட்டுக்காரரிடம் விற்பனைக்கு வைன் இருக்கிறதென்றால் வாசலில் ஒரு கம்பின் நுனியில் பைன் அல்லது தேவதாரு மரக் கிளையைக் கட்டித் தொங்கவிடுவார். வைன் தீர்ந்தால் கிளையை எடுத்துவிடுவார். விளம்பரப் பலகை தேவையில்லை. முறையான ஹொய்ரிகரில் சொந்த வைன் மாத்திரமே விற்கப்படும். பியரும் கோப்பியும் அங்கு கேட்கக் கூடாது. வைன் கால் லீற்றர் கண்ணாடிக் குவளையில் வரும். குளிர்ந்த இறைச்சி, பாலாடைக்கட்டி, ஊறுகாய், பாண் ஆகியவற்றை மேசையிலிருந்து நீங்களே எடுத்துக்கொள்ள வேண்டும். மரப் பெஞ்சுகளில் முன்பின் அறியாதவர்கள் நெருக்கமாக அமர்வார்கள். 1878இல் ஜொஹான், ஜோசப் என்ற ஷ்ராமல் சகோதரர்கள் இரண்டு வயலின்களோடும் கித்தாரோடும் ஆரம்பித்த இசைக்குழு இந்த முற்றங்களில்தான் புகழ் பெற்றது. இவ்வகை இசைக்கு ஷ்ராமல் இசை என்றே பெயராகிவிட்டது.

செழிப்புக்குப் பிறகு வந்தது பேரிடி. அமெரிக்காவிலிருந்து வந்த பைலொக்ஸெரா என்ற நுண்ணிய பூச்சி ஐரோப்பாவின் திராட்சை வேர்களை அரித்தது. ஆஸ்திரியாவில் அது 1872இல் கண்டறியப்பட்ட இடம் கிறின்சிங்குக்கு மலைக்கு அப்பால் உள்ள குளோஸ்டர்நொய்புர்க். அங்கேதான் 1860இல் திராட்சை வளர்ப்பைக் கற்பிக்கும் கல்லூரி நிறுவப்பட்டிருந்தது. பரிசோதனைக்காகக் கொண்டுவரப்பட்ட அமெரிக்கக் கொடிகளோடு பூச்சியும் வந்து சேர்ந்தது. நோயைக் கொண்டுவந்த அமெரிக்கக் கொடியே மருந்தாகவும் ஆனது. பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேரில் ஐரோப்பியக் கிளையை ஒட்டுவதுதான் தீர்வு. கிறின்சிங்கில் இன்று காய்க்கும் கொடிகள் பெரும்பாலும் அவ்வாறு மாற்று வேரில் நிற்பவை.

அடுத்த ஆபத்து நகரத்திலிருந்து வந்தது. 1866இல் பிரஷ்யாவுடனான போரில் தோற்ற ஆஸ்திரிய அரசு கடனில் மூழ்கியிருந்தது. கிறின்சிங்கின் மேற்புறத்திலுள்ள வியன்னாக் காட்டின் பெரும் பகுதியை விற்றுப் பணமாக்க முனைந்தது. மர வியாபாரி ஒருவருடன் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. அதை எதிர்த்து எழுந்து நின்றவர் ஜோசப் ஷோஃபெல். முன்னாள் இராணுவ அதிகாரியான இவர், 1870 தொடக்கம் 1872 வரையில் வியன்னாப் பத்திரிகையொன்றில் கட்டுரைக்கு மேல் கட்டுரையாக எழுதி, ஒப்பந்தத்தின் பின்னணியை அம்பலப்படுத்தினார். அவதூறு வழக்குகளில் அவரைச் சிக்கவைக்க முயன்றார்கள். வழக்குகளில் வென்றார். 1872இல் ஒப்பந்தம் இரத்தாகியது. மோட்லிங் நகர மக்கள் அவரைத் தங்கள் மேயராக்கினார்கள். பத்திரிகை எழுத்தினால் எதுவும் மாறாது என்று சலிப்போடு பேசும் இளம் செய்தியாளர்களிடம் நான் சொல்லும் உதாரணங்களில் இவரும் ஒருவர். வியன்னாவின் மலைகள் இன்றும் பச்சையாக இருப்பதற்கு ஒரு பத்திரிகையாளரின் பேனாவும் காரணம்.

1892 ஜனவரி முதலாம் திகதி கிறின்சிங் வியன்னாவுடன் இணைக்கப்பட்டது. அயற்கிராமங்களோடு சேர்ந்து டொப்ளிங் என்ற 19ஆம் மாவட்டத்தின் பகுதியானது. வரி எல்லை வெளியே நகர்ந்தது. பழைய அரண் இடிக்கப்பட்ட இடத்தில் பெருந்தெரு வந்தது. மலிவு வைனின் பழைய அனுகூலம் முடிந்துவிட்டது. நிலத்துக்குக் கட்டட மதிப்பு ஏறத் தொடங்கியது. கறுவாத்தோட்டத்தின் கதி கிறின்சிங்குக்கும் நேரவேண்டிய தருணம் அதுதான். 1905இல் வியன்னா நகரசபை, நகரத்தைச் சுற்றிக் காடும் புல்வெளியும் கொண்ட பசுமை வளையமொன்றைப் பேண முடிவெடுத்தது. அதற்குத் தலைமை தாங்கிய மேயர் கார்ல் லுவேகர், யூதர்களுக்கெதிரான வெறுப்பை அரசியல் முதலாக்கியவர். பின்னாளில் ஹிட்லர் அவரை மெச்சி எழுதினார். ஒரே மனிதரின் கையொப்பத்தில் ஒரு நகரத்தின் சுவாசமும் அதன் நஞ்சும் இருக்கலாம் என்பதை இங்கு சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1907இல் நகரசபை கிறின்சிங்குக்கு மேலேயுள்ள கொபென்ஸல் பண்ணையையும் வாங்கியது. இன்று வியன்னா மாநகரமே ஒரு திராட்சைத் தோட்டத்தின் சொந்தக்காரர்.

இந்தச் சரிவுகளுக்கு வந்து போனவர்களின் பட்டியல் நீண்டது. ஹைலிகென்ஸ்டாட்டில் தங்கியிருந்த பீத்தோவன், தமது செவி மங்கிவருவதன் துயரை 1802 ஒக்டோபரில் சகோதரர்களுக்கு எழுதி, அனுப்பாமலே வைத்துவிட்டார். கிறின்சிங்குக்கு மேலே இருந்த பெல்வியூ மாளிகையில் 1895 ஜூலையில் சிக்மண்ட் பிராய்ட் கண்ட கனவொன்று அவருடைய கனவு ஆராய்ச்சியின் ஆரம்பமாக அமைந்தது. குஸ்தாவ் மாலர் 1911இல் மறைந்தபோது, ஏற்கனவே இறந்துபோன சிறுமகளின் அருகில் கிறின்சிங் சேமக்காலையில் அடக்கம் செய்யப்பட்டார். நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் எலியாஸ் கனெட்டி 1935இலிருந்து கிறின்சிங்கின் ஹிம்மல் வீதியில் வாழ்ந்தார். ஹிம்மல் என்றால் வானம். 1938 மார்ச்சில் ஆஸ்திரியா ஹிட்லரின் ஜெர்மனியுடன் இணைக்கப்பட்டது. அந்த வருட இறுதிக்குள் யூதரான கனெட்டி அந்த வீதியை விட்டு நாடு கடந்து போனார். அவர் தப்பினார். தப்ப இயலாமல் போனவர்கள் பல ஆயிரம் பேர். ஹொய்ரிகர் பாட்டுகளில் சொல்லப்படும் இனிய பழைய வியன்னாவின் மேசையிலிருந்து ஒரு சமூகத்தையே எழுப்பி வெளியேற்றிய காலம் அது. வீட்டை விட்டுப் புறப்படுவதென்றால் என்ன என்று அறிந்த தமிழ் வாசகர்களுக்கு நான் இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

1985இல் இன்னொரு அதிர்ச்சி. ஆஸ்திரிய வைனை இனிப்பூட்டுவதற்காகச் சில வியாபாரிகள் டைஎதிலீன் கிளைக்கோல் என்ற இரசாயனத்தைக் கலந்தது அம்பலமானது. ஏற்றுமதி சரிந்தது. ஆஸ்திரிய வைனின் பெயர் உலகம் முழுவதும் கெட்டது. குற்றம் செய்தவர்கள் வேறு பிரதேசங்களின் பெருவியாபாரிகளாயினும், அவமானம் சிறு விவசாயி மீதும் விழுந்தது. அதே வருடத்தில் ஐரோப்பாவிலேயே கடுமையான வைன் சட்டங்களில் ஒன்று ஆஸ்திரியாவில் இயற்றப்பட்டது. வியன்னா விவசாயிகள் பின்னர் தங்கள் பாட்டன்மாரின் முறையொன்றைப் புதிதாய் மதிக்கத் தொடங்கினார்கள். 'கலப்பு' எனப் பொருள்படும் கெமிஷ்ட்டர் ஸட்ஸ். ஒரே தோட்டத்தில் பல இனத் திராட்சைகளைக் கலந்து நட்டு, எல்லாவற்றையும் ஒரே நாளில் பறித்து, ஒன்றாகப் பிழிவார்கள். உறைபனி ஓர் இனத்தைக் கொன்றால் மற்றையது பிழைக்கும் என்ற விவசாயியின் முன்னெச்சரிக்கை அது. ஒரு காலத்தில் ஏழைகளின் வைனாகக் கருதப்பட்ட இதற்கு 2013இல் அதிகாரபூர்வமான பிறப்பிடச் சான்று கிடைத்தது.

2017 ஒக்டோபரில் செய்தியாளர் கருத்தரங்கொன்றுக்காக வியன்னா சென்றிருந்தபோது ஒரு பிற்பகலில் நான் கிறின்சிங்குக்குப் போனேன். அது ஸ்டுர்ம் குடிக்கும் பருவம். ஸ்டுர்ம் என்றால் புயல். பாதி புளித்த, கலங்கிய, நுரை ததும்பும் திராட்சைச் சாறு. போத்தலை இறுக மூடினால் வெடித்துவிடும். வாயில் வைத்தவுடன் எனக்கு யாழ்ப்பாணத்துக் கள் நினைவு வந்தது. பிளாவில் வார்த்துக் குடிக்கும் மாலைக் கள்ளின் புளிப்பும் நுரையும் அச்சொட்டாக அதில் இருந்தன. ஸ்டுர்ம் இன்னும் 'ஞானஸ்நானம்' பெறாத வைன் என்பதால் அதைக் குடிக்கும்போது குவளைகளை மோதி வாழ்த்துச் சொல்லக் கூடாது என்று பக்கத்து மேசைக்காரர் என்னைத் தடுத்தார்.

அந்த ஹொய்ரிகரின் உரிமையாளர் அறுபது வயது கடந்த ஒரு பெண்மணி. என்னுடன் வந்திருந்த இளைஞர் மொழிபெயர்த்தார். மலைச்சரிவில் உள்ள அவருடைய தோட்டத்தில் எவரும் வீடு கட்ட முடியாது, சட்டம் தடுக்கிறது. ஆனால், நாங்கள் அமர்ந்திருந்த முற்றமும் வீடும் பிழியும் கொட்டிலும் நிலவறையும் கிராமத்தின் நடுவில் இருக்கின்றன. அவற்றை விலைக்குக் கேட்டுத் தரகர்களின் கடிதங்கள் வந்த வண்ணமிருக்கின்றன என்றார். மகனுக்குக் கணினித் துறையில் உத்தியோகம். வைனில் வருடம் முழுவதும் உழைத்து வருவதைவிடப் பல மடங்கு இந்த வீட்டை விற்றால் ஒரே நாளில் வரும்.

'விற்பீர்களா?' என்று கேட்டேன்.

'என் காலத்தில் இல்லை' என்றார். மகனைப் பற்றி நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிறகு கிராமத்தைச் சுற்றி நடந்தபோது அவர் சொன்னதன் பொருள் விளங்கியது. 1972இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ் பழைய கட்டடங்களின் தோற்றத்தைக் காக்கும் வலயங்கள் வியன்னாவில் உருவாகின. கிறின்சிங்கும் அவற்றில் ஒன்று. அதனால் முகப்புகள் அப்படியே இருக்கின்றன. முகப்புக்குப் பின்னால் பல முற்றங்கள் சொகுசு மாடி வீடுகளாகிவிட்டன. சில ஹொய்ரிகர்கள் சுற்றுலா பஸ்களை நம்பி வாழும் உணவுவிடுதிகளாகிவிட்டன. கிளை தொங்குகிறது, உள்ளே பியரும் கோப்பியும் விற்கிறார்கள். தோட்டத்தைச் சட்டத்தால் காப்பாற்றலாம். கட்டடத்தைச் சட்டத்தால் காப்பாற்றலாம். விடியற்காலையில் எழுந்து கொடி கத்தரிக்கப்போகும் ஒரு மகனைச் சட்டத்தால் உண்டாக்க முடியாது. ஹொய்ரிகர் பண்பாட்டை 2019இல் ஆஸ்திரியா தனது அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஒரு வழக்கம் பட்டியலில் ஏறும்போது மகிழ்ச்சியோடு சிறிது கவலையும் வருகிறது. பட்டியலிட வேண்டிய தேவையில்லாமல் நடந்து வந்ததல்லவா அது?

எங்கள் பக்கத்தை எண்ணிப் பார்க்கிறேன். யாழ்ப்பாணத்தில் பனையும் கள்ளும் தலைமுறை தலைமுறையாக இருந்தன. தவறணை என்று நாங்கள் சொல்லும் சொல்லே ஐரோப்பியர் விட்டுச்சென்றது. மரத்துக்கு வரி கட்டிவிட்டுச் சீவுபவரே தமது கள்ளை விற்கலாம் என்ற மரவரி முறையும், குத்தகைக்காரரின் தவறணையிலேயே விற்பனை என்ற முறையும் எங்களிடம் மாறி மாறி இருந்தன. 1970களில் சீவல் தொழிலாளரின் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தபோதுதான் உழைப்பவர் கையில் விற்பனையின் ஒரு பகுதியாவது வந்தது. வியன்னாவில் பேராசிரியரும் தச்சரும் ஒரே பெஞ்சில் அமர்ந்து, வைன் செய்தவரின் முற்றத்திலேயே அவருக்கு வணக்கம் சொல்லிக் குடிக்கிறார்கள். நாங்கள் கள்ளைக் குடித்துவிட்டு, கள் இறக்கியவரைச் சாதியின் பெயரால் வாசலுக்கு வெளியே நிறுத்தினோம். அந்தத் தொழில் மங்கியதற்குப் போரும் இடப்பெயர்வும் காரணம்தான். ஆனால், தந்தை பட்ட அவமானத்தைப் பிள்ளை படக் கூடாது என்று எண்ணி மரத்திலிருந்து இறங்கியவர்களின் தொகையையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும். கௌரவமில்லாத தொழிலை எந்த மகனும் தொடரமாட்டான். அதில் அவன்மீது பிழையில்லை.

இப்போது யாழ்ப்பாண நகரத்தைச் சுற்றியுள்ள திருநெல்வேலி, கோண்டாவில் செம்மண் தோட்டங்களில் பரப்புப் பரப்பாகக் காணிகள் வீட்டு நிலமாக விலைபோகின்றன. புலம்பெயர்ந்த உறவுகளின் பணமும் அதில் இருக்கிறது. வெங்காயமும் புகையிலையும் விளைந்த மண்ணில் இரண்டு மாடி வீடுகள் எழுகின்றன. வீடு கட்டுபவரைக் குறைசொல்லி எழுத எனக்கு மனமில்லை. அவர்களும் இழந்துபோன வீட்டையே தேடுகிறார்கள். ஆனால், தோட்டக்காரருக்குத் தன் விளைச்சலைத் தான் சொல்லும் விலைக்கு, தன் வாசலிலேயே விற்கும் வழியிருந்தால் அவர் காணியை விற்பாரா என்ற கேள்வியைக் கேட்காமல், விளைநிலம் அழிகிறதே என்று புலம்புவதில் பயனில்லை.

கிறின்சிங் முழுமையாகத் தப்பிவிட்டது என்று சொல்லமாட்டேன். அது ஒவ்வொரு தலைமுறையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டிய விடயம். ஆனால், 1784இல் ஒரு விவசாயிக்கு வழங்கப்பட்ட எளிய உரிமையொன்று, இரு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஒரு பெருநகரத்தின் பசிக்கு ஈடுகொடுத்து நிற்கிறது. பிரபுக்கள் போய்விட்டார்கள். சக்கரவர்த்திகள் போய்விட்டார்கள். அரணும் போய்விட்டது. புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் அந்தச் சரிவுகளில் இன்றும் கூடைகளோடு ஆட்கள் இறங்கித் திராட்சை பறிக்கிறார்கள்.